நமக்குப் பக்கத்து ராஜாக்கள்: கொடும்பாளூர் இருக்குவேளிர்

இந்த மாதச் சுவர் இதழின் வரலாற்றுப் பக்கம் என் பொறுப்பு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கேன். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் பாதி, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மீதி என்று படித்துவிடலாம்.

நம்ம மருங்காபுரியில் "ராஜா" என்று சொன்னால் யாருக்கும் ஜமீன்தான் ஞாபகம் வரும். பூச்சய நாயக்கர் பரம்பரை, அரண்மனை, தர்பார் என்று வீட்டுப் பெரியவங்க சொல்லும் கதைகள் நமக்குக் கொஞ்சமாவது தெரியும். அவங்க நாயக்கர் காலத்துப் பாளையக்காரர்கள். நான் எழுதப்போவது அவங்களுக்கும் ஆறு ஏழு நூறு வருஷம் முந்தின ஒரு பரம்பரையைப் பற்றி. அந்தப் பரம்பரை வெகுதூரத்தில் இல்லை. துவரங்குறிச்சியில் திருச்சி பஸ் ஏறினால் விராலிமலைக்கு முன்னாலேயே அவங்க ஊர் வந்துவிடும். ஊர் பெயர் கொடும்பாளூர். பரம்பரையின் பெயர் இருக்குவேள்.

"வேள்" என்றால் என்ன? சேர சோழ பாண்டியர் மூன்று பேரும் முடி சூடிய வேந்தர்கள். அவர்களுக்கு அடுத்த நிலையில் சின்னச் சின்ன நாடுகளை ஆண்டவர்கள் வேளிர். பறம்பு மலை பாரி, பொதினி மலை பேகன் எல்லாம் நாம் தமிழ்ப் பாடத்தில் படித்த வேளிர். கொடும்பாளூரைச் சுற்றியிருந்த நாட்டுக்குக் கோனாடு என்று பெயர். அதை ஆண்டவர்கள் இருக்குவேளிர்.

சினிமாவில் பார்த்தோம், சரி

எங்க வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். "வானதி யாரு?" என்று கேட்டேன். பாதிப் பேர் "பொன்னியின் செல்வன்ல வர்ற கொடும்பாளூர் இளவரசி" என்று சொல்லிவிட்டார்கள். "பூதி ஆதித்த பிடாரி யாரு?" என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருத்தன் "கிராம தேவதையாடா?" என்றான்.

விஷயம் என்னவென்றால் வானதி கதைப் பாத்திரம். பூதி ஆதித்த பிடாரி நிஜமாகவே வாழ்ந்த கொடும்பாளூர் இளவரசி. அவங்க கட்டிய கல் கோயில் நம்ம திருச்சி மாவட்டத்திலேயே இன்றைக்கும் நிற்கிறது. கதையில் வந்தவங்களை எல்லாருக்கும் தெரியுது, கோயில் கட்டினவங்களை யாருக்கும் தெரியலை. இந்தக் கட்டுரையை நான் எழுத அதுதான் காரணம்.

கல்கியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் 1950-லிருந்து 1954 வரை தொடர்கதையாகப் 'பொன்னியின் செல்வன்' எழுதியிருக்காவிட்டால் கொடும்பாளூர் என்ற பெயரே பல பேருக்குத் தெரிந்திருக்காது. 2022-லும் 2023-லும் அது இரண்டு பாகமாகப் படமாக வந்தது. பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியாக பிரபு நடித்தார். இந்தப் பூதி விக்கிரமகேசரி கல்கி கற்பனை செய்த ஆள் இல்லை, கல்வெட்டில் இருக்கும் பெயர். கதையில் வானதியின் அப்பா ஈழப் போரில் இறந்துபோனதாக வரும். அதற்கும் அடிப்படை உண்டு. சிறிய வேளார் என்ற கொடும்பாளூர்த் தலைவர் சுந்தர சோழர் காலத்தில் ஈழத்துப் போர்க்களத்தில் மாண்டார் என்று கல்வெட்டே சொல்கிறது. வானதி என்ற பெயர் மட்டும் கல்கி வைத்தது. ராஜராஜன் தேவியரில் ராஜேந்திரனைப் பெற்றவரின் பெயர் கல்வெட்டில் வானவன் மாதேவி. அந்தப் பெயரின் மேல் கல்கி வானதியைக் கட்டியிருக்கிறார்.

ஆக, கதையில் கல்வெட்டும் கற்பனையும் கலந்து கிடக்கு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிஞ்சுக்கிட்டால் படத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது இன்னும் நல்லா இருக்கும்.

சுவரில் எழுதிய வம்சப் பட்டியல்

கொடும்பாளூரில் மூவர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. மேற்குப் பார்த்த மூன்று கோயில்கள் ஒரே வரிசையில் கட்டப்பட்டவை. இன்று நிற்பது இரண்டுதான். வடக்குப் பக்கத்துக் கோயிலுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றிலும் சின்னச் சின்ன சந்நிதிகள் இருந்த அடையாளமாக வெறும் அடிக்கல் வரிசை தெரியும். விமானத்துச் சிற்பங்களில் அர்த்தநாரியை மட்டும் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது.

நடுக்கோயிலின் தெற்குச் சுவரில்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார். மொழி சம்ஸ்கிருதம், எழுத்து கிரந்தம். தமிழ்க் கல்வெட்டு என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நாம் தமிழில் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கிரந்தத்திலிருந்து வந்த எழுத்துகள்தான். ஆனால் ஆயிரம் வருஷத்தில் உருவம் மாறிவிட்டது. அதனால் நேரில் பார்த்தால் நமக்குப் படிக்க வராது.

படித்தவர்கள் சொல்லியிருக்கும் வரிசை இது. முதல் ஆளின் பெயர் இல்லை. அந்த இடம் போய்விட்டது. அவர் பாண்டியனின் யானைப் படையை மடக்கியவர் என்பது மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத், நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன் என்று வருகிறது. சமராபிராமனின் மகன்தான் பூதி விக்கிரமகேசரி. கோயில் கட்டியவர்.

வாயில் நுழையாத பெயர்களாக இருக்கே என்று பயப்பட வேண்டாம். இவை பெரும்பாலும் பட்டப் பெயர்கள். பரதுர்க்கமர்த்தனன் என்றால் எதிரியின் கோட்டையைத் தகர்த்தவன். சமராபிராமன் என்றால் போரில் மகிழ்கிறவன். பரதுர்க்கமர்த்தனனுக்கு "வாதாபியை வென்றவன்" என்று இன்னொரு பெருமையும் அந்தக் கல்வெட்டில் இருக்கு. இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். வாதாபியை 642-இல் பிடித்தது நரசிம்மவர்ம பல்லவன் என்று பாடத்தில் படித்திருக்கோம். அப்படியானால் கொடும்பாளூர்க்காரர் எப்படி வென்றார்? பல்லவர் படையோடு துணைக்குப் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பெரிய ராஜா சண்டைக்குப் போனால் கூட நாலு சின்ன ராஜா போவாங்க. ஜெயித்த பிறகு ஐந்து பேருமே "நான் ஜெயிச்சேன்" என்று அவரவர் ஊர்ச் சுவரில் எழுதிக்குவாங்க. நம்ம கபடி டீம் ஜெயிச்சா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனும் "நாங்க ஜெயிச்சோம்"னு சொல்றதில்லையா, அந்த மாதிரி.

சமராபிராமன் சளுக்கியைக் கொன்றவர் என்றும், அவருடைய மனைவி அனுபமா சோழ இளவரசி என்றும் கல் சொல்கிறது. பூதி விக்கிரமகேசரிக்கு கற்றளி, வரகுணா என்று இரண்டு மனைவியர். தன் பெயராலும் இந்த இருவர் பெயராலும் மூன்று கோயில் எடுத்தார். அதனால்தான் வரிசையில் மூன்று. கற்றளி பெற்ற பிள்ளைகள் பராந்தகன், ஆதித்தவர்மன். மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்து, ஐம்பது துறவிகளுக்குச் சாப்பாடு போடப் பதினொரு ஊர்களையும் எழுதி வைத்தார். காளாமுகர் என்பது சைவத்தில் ஒரு பிரிவு. முகத்தில் கருப்புக் குறி இடுவதால் அந்தப் பெயர்.

ராணி பெயரைக் கவனித்தீர்களா? கற்றளி. கல் + தளி = கற்றளி. தளி என்றால் கோயில். "லகர மெய்க்குப் பின் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும்" என்று தமிழ் டீச்சர் நடத்திய அதே புணர்ச்சி விதிதான். செங்கல்லும் மரமும் வைத்துக் கோயில் கட்டிய காலம் போய்க் கருங்கல்லில் கட்ட ஆரம்பித்த காலத்தில், பெண் குழந்தைக்கே "கல் கோயில்" என்று பெயர் வைத்திருக்காங்க. எனக்கு இது ரொம்பப் பிடித்த பெயர்.

இனிஷியல் வைத்துப் படிக்கணும்

இருக்குவேளிர் பெயர்களைக் கல்வெட்டில் முதலில் பார்த்தபோது எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மறவன் பூதி, பூதி பராந்தகன், பூதி ஆதித்த பிடாரி என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எங்க வரலாறு சார் ஒரே வார்த்தையில் விளக்கிவிட்டார். "வருகைப் பதிவேடு மாதிரி படிடா. முதல்ல இருக்கிறது அப்பா பேரு."

மறவன் பூதி என்றால் மறவனின் மகன் பூதி. நாம் "ம. பூதி" என்று எழுதுவோம். பூதி பராந்தகன் என்றால் பூதியின் மகன் பராந்தகன். பூதி ஆதித்த பிடாரி என்றால் பூதியின் மகள் ஆதித்த பிடாரி. அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொண்டால் மூன்று தலைமுறையைத் தாளில் கோடு போட்டு இணைத்துவிடலாம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அங்கேயும் நடுக்காலத்தில் நிறைய சிற்றரசர்கள். லிவெலின் அப் கிரிஃபித் என்று ஒருவர். "அப்" என்றால் அவர்கள் மொழியில் மகன். கிரிஃபித்தின் மகன் லிவெலின் என்று அர்த்தம். அவர் 1282-இல் ஆங்கிலேயரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். (நம்ம பக்கம் சோழர் ஆட்சி முடிந்தது 1279. ஏறக்குறைய ஒரே காலம்.) 1301-இல் இங்கிலாந்து ராஜா அந்த நாட்டு இளவரசர் என்ற பட்டத்தைத் தன் மகனுக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கும் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்கு வேல்ஸ் இளவரசர் என்றுதான் பெயர். பட்டம் உலகம் பூரா தெரியுது. அதை முதலில் வைத்திருந்த குடும்பத்தை அந்த நாட்டுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? சின்ன ராஜாக்கள் கதை எல்லா ஊரிலும் இப்படித்தான் போல.

அப்பா பெயர் தவிர இருக்குவேளிர் பெயருக்கு முன்னால் இன்னொன்றும் வரும். தென்னவன் இளங்கோவேள், செம்பியன் இருக்குவேள் என்று. தென்னவன் என்றால் பாண்டியன். செம்பியன் என்றால் சோழன். கட்சிக்காரங்க துண்டு நிறத்தைப் பார்த்தே யார் பக்கம் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? அதுபோலத்தான் இந்தப் பட்டம். எந்தப் பெரிய ராஜாவின் ஆதரவில் அந்தப் பட்டம் முதலில் வந்தது என்பதற்கு ஓர் அடையாளம். ஒரே குடும்பத்தில் இரண்டு துண்டும் இருந்திருக்கு!

ஏன் அப்படி? வரைபடத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். சோழ நாட்டிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் கொடும்பாளூர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது, கொடும்பையில் பாதை சிவபெருமானின் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்று ஒரு மறையவர் வழி சொல்கிறார். கொடும்பை என்பது இந்த ஊர்தான். சோழன் மதுரைக்குப் படை எடுத்தாலும் பாண்டியன் உறையூருக்குப் படை எடுத்தாலும் இந்த முச்சந்தியைத் தாண்டித்தான் போகணும். முச்சந்தியில் வீடு இருக்கிறவனைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அதனால்தான் சோழர்கள் இவர்களுக்குப் பெண் கொடுத்தார்கள், இவர்களிடம் பெண் எடுத்தார்கள். இப்போது நாலு வழிச் சாலையில் நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அந்த இடத்தைக் கடந்துவிடுகிறோம்.

பிடாரி அம்மையார் கட்டிய கோயில்

இப்போது முதலில் சொன்ன இளவரசிக்கு வருவோம். அப்பா தென்னவன் இளங்கோவேளாராகிய மறவன் பூதி. கணவர் முதலாம் பராந்தக சோழனின் மகன் அரிகுலகேசரி. அதாவது தஞ்சாவூர் அரண்மனைக்குப் போன கொடும்பாளூர் மருமகள். கணவரை அரிஞ்சயன் என்றும் சொல்வார்கள். அவருடைய பேரன்தான் ராஜராஜ சோழன்.

இந்த அம்மையார் காவிரியின் தென்கரையில் திருச்செந்துறையில் சிவன் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். நாம் முக்கொம்புக்குச் சுற்றுலா போனோமே, அந்தக் கரூர் சாலையில் ஜீயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஊர் இருக்கிறது. அதே பக்கத்தில் அந்தநல்லூர்க் கோயில் செம்பியன் இருக்குவேளாகிய பூதி பராந்தகன் கட்டியது. அன்றைக்கு பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே இரண்டையும் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த முறை சார் மனசு வைத்தால் அரை மணி நேரம் நிறுத்தலாம் என்பது என் விண்ணப்பம்.

கதையில் வரும் வானதி அடிக்கடி மயக்கம் போட்டு விழுவாள். நிஜ இளவரசி நிலமும் பொருளும் கொடுத்து கோயில் எடுத்து, தன் பெயரையும் அப்பா பெயரையும் கணவர் பெயரையும் கல்லில் வெட்ட வைத்திருக்கிறார். வானதி ரசிகைகள் கோவித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நிஜ இளவரசிதான் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

இதே ஊர் ராஜா ஒருவர் அறுபத்துமூவரிலும் இருக்கிறார். சிவன் கோயிலில் தூண் தூணாக நாயன்மார் பெயர் எழுதியிருப்பார்கள், இடங்கழி நாயனார் என்று தேடிப் பாருங்கள். சிவனடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் ஓர் அடியார் ராத்திரியில் அரண்மனை நெல் கொட்டாரத்தில் திருடி மாட்டிக்கொள்கிறார். இடங்கழியார் விசாரித்துவிட்டு அவரை விடுவித்ததோடு, அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று பறையறைவிக்கிறார். பெரியபுராணத்தில் வருவது. இது கல்வெட்டுச் செய்தி இல்லை, புராணச் செய்தி. அந்த வித்தியாசத்தை மறக்காமல் படிக்கணும்.

நாற்பத்தொன்பது தலைமுறை

சங்க காலத்திலேயே இருங்கோவேள் என்று ஒருவர் உண்டு. பாரி இறந்த பிறகு அவருடைய இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராகப் போகிறார், யாராவது கட்டிக்கொள்ள மாட்டார்களா என்று. பாரியின் பறம்பு மலை நம்ம பக்கம் சிங்கம்புணரிக்குக் கிட்டே இருக்கும் பிரான்மலைதான். அப்படிப் போனதில் இருங்கோவேளிடமும் போகிறார். புறநானூறு 201-ஆம் பாட்டு. "உன் முன்னோர் ஒரு முனிவரின் வேள்விக் குண்டத்தில் தோன்றியவர்கள், துவரை நகரை ஆண்டவர்கள், நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த வேளிரில் நீ ஒருவன்" என்ற பொருளில் பாடுகிறார். இவ்வளவு புகழ்ந்தும் அவன் சம்மதிக்கவில்லை. 202-ஆம் பாட்டில் கபிலர் கோபமாகிவிடுகிறார்.

அந்த இருங்கோவேள் வழியில் வந்தவர்களே இருக்குவேளிர் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பெயர் ஒற்றுமை இருக்கு. மூவர் கோயில் கல்வெட்டிலும் யது குலம் என்ற பெருமை வருகிறது. யது குலம் என்றால் துவாரகைக் கண்ணன் குலம். (அதற்காக "துவரங்குறிச்சி"க்கும் "துவரை"க்கும் உடனே முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். எங்க வகுப்பில் ஒருத்தன் போட்டுவிட்டான்.)

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 49 தலைமுறைக்கு 1225 வருஷம். அத்தனை பேரில் ஒருவர் பெயரையாவது கபிலர் சொல்கிறாரா என்றால் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான். மூவர் கோயில் சுவரிலோ எட்டுப் பெயர் வரிசையாக இருக்கு, கல்யாண உறவும் பிள்ளைகள் பெயரும் இருக்கு. பரம்பரைப் பெருமை வேறு, பரம்பரைப் பட்டியல் வேறு என்று இதில் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பட்டியலையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதை வெட்ட வைத்தவர் தன்னைப் பெருசாகக் காட்டத்தான் வெட்ட வைத்தார். தோற்ற சண்டையை யாரும் கோயில் சுவரில் எழுதுவதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது ராஜாக்கள் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு "எங்க ஆளு, எங்க ஆளு" என்று ஒவ்வொருவரும் உரிமை கொண்டாடுவதைப் பார்க்கிறோம். திருவிழா நேரத்தில் அதனால் சண்டைகூட வருது. இருக்குவேளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் முனிவர் வேள்வியில் பிறந்தவர்கள், கல்வெட்டில் யது குலம், பாட்டி சோழர் வீட்டுப் பெண், பட்டத்தில் ஒரு பக்கம் பாண்டியன், ஒரு பக்கம் சோழன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இந்தக் குடும்பத்தை இன்றைக்கு இருக்கும் ஒரே ஒரு பெயர்ப் பெட்டியில் அடைக்கப் பார்ப்பது கல்வெட்டைப் படிக்காதவர்கள் செய்கிற வேலை. படித்தவன் அவ்வளவு சீக்கிரம் சண்டைக்குப் போக மாட்டான்.

ஒரு புதிர்

பத்தாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு ஒரு புதிர் வைக்கிறேன். பூதி விக்கிரமகேசரி எந்தக் காலத்தவர்? கல்வெட்டில் ஆண்டு எண் கிடையாது. மூன்று துப்பு இருக்கு.

காவிரிக் கரையில் பல்லவர் படையை வென்று ஆற்று நீரை ரத்தச் சிவப்பாக்கினார். வீரபாண்டியனை வென்றார். வஞ்சிவேளைக் கொன்றார்.

பல்லவரோடு சண்டை என்றால் முதலாம் ஆதித்த சோழன் காலம் (871–907) பொருந்தும். ஏனென்றால் அவன்தான் அபராஜித பல்லவனை ஒழித்தவன். அதற்கு அப்புறம் காவிரிப் பக்கம் வந்து சண்டை போடப் பல்லவர் படை ஏது? ஆனால் வீரபாண்டியன் என்றவுடனே நமக்கு ஞாபகம் வருவது ஆதித்த கரிகாலன் தலை கொண்ட வீரபாண்டியன். அது சுந்தர சோழர் காலம், 957-க்கு அப்புறம். ஒரு துப்பு முன்னால் இழுக்குது, இன்னொன்று பின்னால் இழுக்குது. இரண்டுக்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. அறிஞர்களும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். கல்கி இரண்டாவது கட்சி. அதனால்தான் அவர் கதையில் பெரிய வேளார் சுந்தர சோழர் காலத்தில் வருகிறார். முதல் கட்சி சொல்வது சரியானால் வந்தியத்தேவன் பிறப்பதற்கு முன்பே பெரிய வேளார் காலமாகியிருப்பார்!

எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது. வீரபாண்டியன் என்ற பெயர் பாண்டியரில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு இருந்திருக்கலாம். முடிந்துபோன பல்லவர் படையைத் திரும்ப வர வைப்பதுதான் கஷ்டம். எங்க சார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பல்லவர்னு சொன்னா காஞ்சிப் பல்லவர்தான்னு யார் சொன்னா?" என்று கேட்டார். நீங்கள் எந்தக் கட்சி என்று காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

இன்னொரு தகவல். வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஊர் திருச்சி ஜில்லா. கொடும்பாளூரோ புதுக்கோட்டை சமஸ்தானம், அதாவது வேறு ராஜ்யம். அந்த சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-இல் புத்தகமாகவே போட்டுவிட்டது. மூவர் கோயில் கல்வெட்டை இன்றைக்கு நாம் புத்தகத்தில் படிக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது கொடும்பாளூர் நம்ம திருச்சி மாவட்டத்துக்கு வந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அங்கே போய்விட்டது.

மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூசை கிடையாது. அதனால் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். போனால் முச்சுகுந்தேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு வாங்க. அது மகிமாலய இருக்குவேள் என்ற இன்னொரு தலைவர் கட்டியது. ஐந்தளி என்று ஐந்து சந்நிதி இருந்த கோயில் ஒன்று இடிந்து அடித்தளமாகக் கிடக்கிறது. பெரிய நந்தியும் உண்டு.

கல்வெட்டைத் தெளிவாகப் படம் எடுக்கணும் என்று அதன்மேல் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்ந்து விழும்போது போனால் எழுத்தின் நிழல் விழுந்து தானாகவே தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல் மாதிரிதான் இருக்கும். எங்க மாமா என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. நாலரை வரைக்கும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டு வந்தோம்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் உங்க பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர் என்று தெரிந்த வரைக்கும் இருக்குவேளிர் முறையில் எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா பெயர். ராத்திரி வீட்டில் பெரியவங்களைக் கேட்டுவிட்டு நாளைக்கு வந்து எழுதினாலும் சரி. என்னுடையதை முதலில் எழுதிவிட்டேன். அப்பா பக்கம் ஐந்து பெயர் கிடைத்தது, அம்மா பக்கம் மூன்றுதான். பேனா கயிற்றில் கட்டியிருக்கு, தயவுசெய்து யாரும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.